பாகம் மாற்றுவது பழுது பார்ப்பதாகுமா?

கொழும்பில் தமிழ் பேசும் மக்கள் செறிந்து வாழும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் இரண்டாயிரமாம் ஆண்டுகளின் முற்பகுதியில் நடமாடியவர்களுக்கு அங்கு தொங்கிய விளம்பரப் பலகைகள் நினைவிலிருக்கும். காலி வீதியின் மாடிக் கட்டடங்களிலும் ஜம்பட்டா வீதியை அண்டிய தெருக்களிலும் உயர்தர வகுப்புகளுக்கான ரியூட்டரிகளுக்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்புகளுக்கும் நடுவே "கொம்பியூட்டர் ஹார்ட்வெயார்" கற்பிக்கும் நிலையங்கள் முளைத்திருந்தன. மூன்று மாதமோ ஆறு மாதமோ வகுப்பு. முடிவில் வண்ணத்தில் அச்சிட்ட ஒரு சான்றிதழ்.

அவ்வகுப்புகளில் அமர்ந்தவர்களில் உயர்தரப் பரீட்சை முடிவுக்காகக் காத்திருந்த மாணவர்கள் ஒரு பகுதியினர். வடக்கு கிழக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கி, வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்த இளைஞர்கள் இன்னொரு பகுதியினர். பொலிஸ் பதிவும் சோதனையும் அன்றாடமாக இருந்த காலம் அது. 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்ததும் வாசகர்கள் அறிந்தவையே. கொழும்பில் ஏன் தங்கியிருக்கிறாய் என்று கேட்கப்பட்ட நாள்களில், ஒரு கற்கைநெறிக்கான பதிவு அட்டைக்குப் பாடத்தையும் தாண்டிய பெறுமதி இருந்தது. கனடாவிலோ பிரித்தானியாவிலோ இறங்கியதும் கைக்கொடுக்கக் கூடிய தொழில் என்ற நம்பிக்கையும் இதனுடன் சேர்ந்துகொண்டது.

யுத்தம் 2009இல் முடிந்தது. லொட்ஜுகளின் நிலைமை மாறியது. ஆனால் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுவோரில் பெரும்பாலானோருக்குப் பல்கலைக்கழகங்களில் இடமில்லை என்ற நிலை மாறவில்லை. ஆகவே கணினி திருத்தும் தொழிலைப் பிள்ளைக்குக் கற்பிக்கலாமா, அது சோறு போடுமா என்ற பெற்றோரின் கேள்வியும் மாறவில்லை. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியாது. இத்தொழிலில் உண்மையில் கற்கப்படுவது என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

(ஒரு சிறு குறிப்பு: எமது பத்திரிகைகள் நெடுங்காலம் "கணனி" என்றே எழுதி வந்தன. பாடநூல்கள் "கணினி" என்கின்றன. பட்டறையில் இருப்பவருக்கோ அது "மெஷின்" மாத்திரமே. இக்கட்டுரையில் பாடநூலின் வழியையே பின்பற்றுகிறோம்.)

தனியாள் கணினி ஒன்றைக் கொழும்பில் ஒரு இளைஞர் கழற்றிப் பூட்ட முடிவதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1981 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தனது முதலாவது தனியாள் கணினியை வெளியிட்டபோது, அவசரம் காரணமாகப் பெரும்பாலான பாகங்களை வெளியாரிடமிருந்தே வாங்கியது. புரொசெசர் இன்டெல்லினது, இயங்குதளம் மைக்ரோசொப்டினது. சுற்றுவரைபடங்கள் அடங்கிய தொழில்நுட்பக் கைநூலையும் அந்நிறுவனம் விற்பனைக்கு விட்டது. எஞ்சியிருந்த தடை, இயந்திரத்தை விழிக்கச் செய்யும் பயோஸ் என்ற சிறு மென்பொருள்தான். அதையும் சட்டத்துக்கு உட்பட்டே பிறர் புதிதாக எழுதிக்கொண்டதும் எவரும் எவருடைய பாகத்தையும் சேர்த்துக் கணினி செய்யலாம் என்றாயிற்று. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் ஒரு கடையில் மதர்போர்டும் அடுத்த கடையில் நினைவகமும் வாங்கி வீட்டில் பூட்டிவிட முடிவது இதனால்தான்.

இந்த வசதியே கற்பித்தலில் ஒரு குறைபாட்டையும் உண்டாக்கியது. பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துமாறே செய்யப்பட்டவை. தவறான திசையில் செருக முடியாதபடி வெட்டுகள் உள்ளன. ஆகவே பூட்டுவதை ஒரு வார இறுதியில் கற்றுவிடலாம். விண்டோஸ் நிறுவுவதை இன்னொரு வார இறுதியில் கற்கலாம். பல குறுங்கால வகுப்புகள் இவ்விரண்டையுமே ஆறு மாதத்துக்கு நீட்டின. அங்கிருந்து வெளியேறியவர் நல்ல நிலையிலுள்ள பாகங்களை வைத்து ஒரு கணினியைச் செய்வார். ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவருவது நல்ல நிலையிலுள்ள பாகங்களை அல்ல. எது கெட்டது என்று தெரியாத நிலையில் அவர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறார்; அதுவும் கைகூடாவிட்டால் "போர்ட் போய்விட்டது" என்று கூறிவிடுகிறார். அந்த ஒரு வார்த்தைக்கு வாடிக்கையாளர் செலுத்தும் விலை சிறிதல்ல.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். பழைய கணினி ஒன்றில் இணையம் வேலை செய்யவில்லை என்று ஒருவர் வருகிறார். எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கை வருகிறது. அவர் தொலைபேசி நிறுவனத்துடன் ஏற்கெனவே இரண்டு முறை சண்டையிட்டுவிட்டார். அனுபவமற்றவர் வைரஸ் என்பார். விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவுவார். இடையில் பிள்ளையின் படங்களும் அழியும். அனுபவமுள்ளவர் முதலில் திரையின் மூலையிலுள்ள திகதியைப் பார்ப்பார். அது பல வருடங்கள் பின்னால் நிற்கும். மதர்போர்டில் நாணயம் போன்ற ஒரு 3 வோல்ற் பற்றரி உண்டு, சி.ஆர்.2032 என்பது அதன் இலக்கம். மின்சாரம் இல்லாத வேளையில் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. பற்றரி தீர்ந்தால் கடிகாரம் பழைய திகதிக்குத் திரும்பும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. அவ்வெல்லைக்கு வெளியே நிற்கும் கணினி அவற்றை நம்ப மறுக்கிறது. பற்றரியை மாற்றித் திகதியைத் திருத்தினால் இணையம் வரும். பழுது ஓரிடத்தில் இருக்க அறிகுறி வேறோரிடத்தில் தோன்றுவது இத்தொழிலில் அன்றாட நிகழ்வு. அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் அந்த வழியே கற்க வேண்டிய பாடமாகும்.

அந்த வழிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முற்றாக உயிரற்றுக் கிடக்கும் கணினியில் முதற்கேள்வி மின்சாரம் வருகிறதா என்பது. சுவரிலுள்ள பிளக்கிலிருந்து தொடங்க வேண்டும். இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு, ஆனால் பழுதில்லாமலே பட்டறைக்குத் தூக்கி வரப்படும் கணினிகள் குறைவல்ல. அடுத்தது பவர் சப்ளை. அது 12, 5, 3.3 வோல்ற் என மூன்று முக்கிய மின்னழுத்தங்களை வழங்குகிறது. நியமப்படி இவை ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. அதாவது 12 வோல்ற் கம்பியில் 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருந்தாக வேண்டும். மல்ரிமீற்றர் 10.9 என்று காட்டினால் மதர்போர்டில் குற்றம் தேடுவதில் பயனில்லை.

மின்சாரம் சரியென்றால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புரொசெசர், ஒரேயொரு நினைவகத் தகடு, பவர் சப்ளை ஆகியவற்றை மட்டும் வைத்து இயக்கிப் பார்க்க வேண்டும். கணினி தன்னைத்தானே சோதித்து ஒலியாலோ ஒளியாலோ சேதி சொல்லும். பழைய போர்டுகளில் சிறு ஒலிபெருக்கியின் "பீப்" ஓசைகளை எண்ண வேண்டும். ஒரு நீண்ட ஓசையும் இரண்டு குறுகிய ஓசைகளும் என்றால் அவார்ட் பயோஸில் படக்காட்சிப் பகுதியில் கோளாறு. புதிய போர்டுகள் பலவற்றில் புரொசெசர், நினைவகம், படக்காட்சி, துவக்கம் எனப் பெயரிட்ட நான்கு சிறு விளக்குகள் உள்ளன. சோதனை எங்கு நின்றதோ அங்குள்ள விளக்கு எரிந்தபடியே இருக்கும். அதன் பின்னர் கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டைச் சேர்ப்பவர் தனது சான்றைத் தானே அழித்துக்கொள்கிறார்.

வெள்ளவத்தைக்கென்றே உரிய ஒரு பகைவனும் உண்டு. அது கடற்காற்று. மரைன் டிரைவை ஒட்டிய வீடுகளில் யன்னல் கம்பிகள் துருப்பிடிப்பதைக் காண்கிறோம். கணினிக்குள்ளும் அதே உப்புக் காற்றுத்தான் மின்விசிறியால் நாள் முழுதும் இழுக்கப்படுகிறது. தூசி படிகிறது, தூசி ஈரத்தைப் பிடிக்கிறது, உப்பு அந்த ஈரத்தை மின்கடத்தியாக்குகிறது. நினைவகத் தகட்டின் பொன்முலாம் பூசிய விளிம்பில் மங்கல் படர்ந்து தொடர்பு அறுவது சாதாரணம். அதனைக் கழற்றி அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் செருகியதும் "செத்த" கணினி எழுந்திருப்பதைப் பார்த்தவர்கள் அதை வித்தை என்று நினைப்பதுண்டு. வித்தையல்ல, ஆனால் துடைத்ததற்குப் புதுப் போர்டின் விலையை அறவிடும் வித்தையும் சந்தையில் நடக்கிறது.

கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் வேறொரு முறைப்பாடு கேட்கும். கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலில் மெல்லிய அதிர்வு. பவர் சப்ளையின் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கொள்ளளவிகள் உள்ளன. அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் புவித்தொடுப்புக் கம்பியால் நிலத்துக்குப் போக வேண்டும். வீட்டில் புவித்தொடுப்பு அறுந்திருந்தாலோ, மூன்று கால் பிளக்கை இரண்டு கால் அடப்டரில் செருகியிருந்தாலோ அது பெட்டியிலேயே தங்கிவிடும். 230 வோல்ற் வழங்கலில் பெட்டி ஏறக்குறையப் பாதி மின்னழுத்தத்தில் நிற்கும். பழுது கணினியில் அல்ல, வீட்டின் மின்னிணைப்பில். அதைக் கூறி, தகைமையுள்ள மின்னியலாளரை அழைக்கச் சொல்பவரே நல்ல தொழில்நுட்பவியலாளர். இவ்விடத்தில் இன்னொன்றையும் வற்புறுத்த வேண்டும். பவர் சப்ளையின் உள்ளே, நேரோட்டமாக்கப்பட்ட மின்சாரம் 325 வோல்ற் அளவில் பெரிய கொள்ளளவிகளில் தேங்கி நிற்கிறது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அது சிறிது நேரம் அங்கே இருக்கலாம். கற்கும் மாணவர் அதன் மூடியைத் திறக்கக் கூடாது.

கொள்ளளவி என்றதும், பட்டறைக்காரர் "கப்பாசிற்றர்" என்று அழைக்கும் அப்பொருள் ஒரு தலைமுறைக்கே தொழில் கற்பித்த கதை நினைவுக்கு வருகிறது. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை தயாரான மதர்போர்டுகள் பலவற்றில் தரமற்ற மின்பகுபொருள் கொண்ட கொள்ளளவிகள் பொருத்தப்பட்டிருந்தன. இரண்டு மூன்று வருடங்களில் அவற்றின் தலை உப்பி, பழுப்பு நிறத் திரவம் கசியும். கணினி காரணமின்றி நின்று நின்று இயங்கும். டெல் போன்ற பெரும் நிறுவனமே இதன் பொருட்டு 2005இல் 30 கோடி டொலரை ஒதுக்க நேர்ந்தது. போர்டையே எறிந்தவர்கள் பலர். ஈயம் உருக்கும் இரும்பை எடுத்து உப்பியவற்றை மட்டும் மாற்றியவர்கள் சிலர். இத்தொழிலில் பின்னாளில் நிலைத்து நின்றவர்கள் பெரும்பாலும் அந்தச் சிலரே என்பது எமது அபிப்பிராயம்.

ஏனெனில் தொழிலின் தன்மை அத்திசையிலேயே நகர்ந்துள்ளது. மேசைக் கணினியின் இடத்தை மடிக்கணினி பிடித்துக்கொண்டது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் போர்டிலேயே ஒட்டப்பட்டுள்ளது. சிலவற்றில் சேமிப்பகமும் அப்படியே. கழற்றி மாற்ற ஒன்றும் இல்லாதபோது பாகம் மாற்றுபவருக்கு வேலையும் இல்லை. சுற்றுவரைபடத்தை வாசித்து, எந்த மின்வழியில் அழுத்தம் வரவில்லை என்று அளந்து, வெப்பக் காற்றுக் கருவியால் ஒரு அரிசிமணியினும் சிறிய உறுப்பை எடுத்து மாற்றத் தெரிந்தவருக்கே வேலை உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடி இதனை வாடிக்கையாளருக்கும் உணர்த்தியது. டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது புதிய மடிக்கணினி நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாததாயிற்று. பழையதைத் திருத்துவது சிக்கனம் என்ற நிலைபோய் அதுவே ஒரே வழியாகியது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் நிறைவுற்றது இன்னொரு அலை. விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைப் புரொசெசரும் இல்லாத இயந்திரங்கள் நன்கு இயங்கும் நிலையிலேயே புறந்தள்ளப்படுகின்றன. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தி, லினக்ஸ் நிறுவிக் கொடுத்தால் அவற்றில் பல இன்னும் சில வருடங்கள் ஒரு மாணவருக்கு உதவும்.

கைத்திறனைப் போலவே கற்பிக்கப்பட வேண்டிய மற்றொன்று நம்பிக்கை. இதுபற்றி வகுப்புகள் பேசுவது அரிது. வாடிக்கையாளர் ஒப்படைப்பது ஒரு பெட்டியை அல்ல; வங்கிக் கடிதங்களை, குடும்பப் படங்களை, வெளிநாட்டிலுள்ள கணவனுடனான உரையாடல்களை ஒப்படைக்கிறார். 2008இல் ஹொங்கொங்கில் திரைப்பட நடிகர் ஒருவர் திருத்தக் கொடுத்த மடிக்கணினியிலிருந்து அந்தரங்கப் படங்கள் வெளியாகிப் பல பெண்களின் வாழ்க்கை சிதறியதை உலகம் அறியும். அவற்றைப் பிரதி செய்த திருத்துநர் 2009இல் சிறைத்தண்டனை பெற்றார். சேதம் அதற்கு முன்பே நிகழ்ந்து முடிந்துவிட்டது. அனைவரும் அனைவரையும் அறிந்த வெள்ளவத்தை போன்ற ஒரு சமூகத்தில், ஓர் இளம்பெண்ணின் படம் கசிந்தால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியற்ற நுழைவைக் குற்றமாக்குகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென நிறைவேற்றப்பட்டது. எனினும் சட்டத்துக்கு முன்னரே பட்டறையில் சில வழக்கங்கள் வேண்டும். கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டாதிருத்தல், வேலைக்குத் தேவையற்ற கோப்பைத் திறவாதிருத்தல், எடுத்த பிரதியை ஒப்படைத்த அன்றே அழித்தல் என்பன அவை. ஹார்ட் டிஸ்க் "டிக் டிக்" என்று தட்டத் தொடங்கினால் மேலும் இயக்காமல் நிறுத்திவிட்டு, தரவை மீட்கும் வசதியுள்ளவரிடம் அனுப்பும் பணிவும் இதில் அடங்கும். அதைத் திறந்து பார்ப்பவர் எஞ்சியிருந்ததையும் இழக்கச் செய்கிறார்.

இனிச் சான்றிதழ் பற்றி. விளம்பரங்களில் அதிகம் காணப்படும் பெயர் "ஏ பிளஸ்". கொம்ப்ரியா என்ற அமெரிக்க அமைப்பு 1993 முதல் நடத்தும் பரீட்சை அது. இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் 90 நிமிடம், 900 புள்ளிகளுக்கு முதலாவதில் 675உம் இரண்டாவதில் 700உம் பெற வேண்டும், சான்றிதழ் மூன்று வருடங்களுக்குச் செல்லும். முதற்றாளில் கால்பங்குக்கு மேற்பட்ட இடம் பழுதறிதலுக்கே ஒதுக்கப்பட்டுள்ளமை கவனிக்கத்தக்கது. ஆனால் ஏ பிளஸ் பாடத்திட்டத்தைப் படிப்பிப்பதும், அப்பரீட்சையில் மாணவரைச் சித்தியடையச் செய்வதும் வேறுவேறு. நிலையம் தானே அச்சிட்டு வழங்கும் சான்றிதழ் ஏ பிளஸ் ஆகாது. பணம் கட்டுமுன் பெற்றோர் இதைக் கேட்டுத் தெளிவது நல்லது.

உள்நாட்டில் மதிக்கப்படுவது தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ. ஏழு மட்டங்களைக் கொண்ட இக்கட்டமைப்பை மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு நிர்வகிக்கிறது. கணினி வன்பொருள் தொழில்நுட்பவியலாளருக்கான தகைமை 3ஆம், 4ஆம் மட்டங்களில் உண்டு. 4ஆம் மட்டத்துக்கு மேல் டிப்ளோமாவுக்கும், அதற்கு மேல் 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் இரத்மலானையில் அமைந்த தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்துக்கும் வழி திறக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து அதே காலி வீதியில் பஸ் ஏறினால் எட்டும் தூரம்தான். ஒரு நிலையம் ஆணைக்குழுவில் பதிவு பெற்றிருப்பது ஒன்று. அதன் குறிப்பிட்ட கற்கைநெறி தரச்சான்று பெற்றிருப்பது இன்னொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதும் இருப்பதாக எண்ணவைக்கும் விளம்பரங்களை நாம் கண்டதுண்டு. நாரஹேன்பிட்டியிலுள்ள ஆணைக்குழுவிடம் கேட்டு இரண்டையும் உறுதி செய்துகொள்ளலாம்.

நிலையத்தைத் தெரிவு செய்கையில் குளிரூட்டிய அறையைவிடப் பின்னறையையே பார்க்க வேண்டும். அங்கே பழுதான இயந்திரங்கள் எத்தனை குவிந்துள்ளன? மாணவர் ஒருவருக்கு ஒரு மல்ரிமீற்றர் உண்டா? ஆசிரியர் வேண்டுமென்றே பழுதாக்கிக் கொடுத்து, காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்கிறாரா? புத்தம்புதுக் கணினிகள் மட்டுமே வரிசையாக நிற்கும் நிலையத்தில் பழுதைக் கற்க முடியாது.

வகுப்பு எதற்கும் செல்லாமல், பதினாறு பதினேழு வயதில் ஒரு கடையில் உதவியாளராகச் சேர்ந்து கைப்பழக்கத்தாலேயே தேர்ந்தவர்கள் எம்மிடையே பலர் உள்ளனர். சான்றிதழ் இல்லாத காரணத்தால் நிறுவனங்களின் வேலைக்கு அவர்கள் விண்ணப்பிக்கவே தயங்குகின்றனர். என்.வி.கியூ. முறையில் திறமையை எங்கு கற்றீர்கள் என்பது கேள்வியல்ல; செய்து காட்ட முடியுமா என்பதே கேள்வி. முன்னர் பெற்ற அறிவை அங்கீகரித்தல் என்ற ஏற்பாட்டின் கீழ், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையான நைற்றாவிடம் விண்ணப்பித்து, மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலை செய்து காட்டித் தகைமை பெறலாம். செய்த வேலைகளுக்கான சான்றுகளும் கேட்கப்படும். ஆகவே இன்று கடையில் நிற்கும் இளைஞர் ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியை வாங்கி, வந்த அறிகுறி, செய்த சோதனை, கண்ட பழுது, தீர்த்த விதம், திகதி என ஒவ்வொரு வேலையையும் எழுதிவரத் தொடங்கலாம். வாடிக்கையாளரின் பெயர் அதில் தேவையில்லை.